ரோடு அகலமாகிறது, கடை வாசல் போகிறது: போராங் ஈ வந்தவர்கள் என்ன செய்யலாம்?

ரோட்டோரக்கடை

வணக்கம். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் மெயின் ரோடு இப்போது இரண்டு வழி, அதை நான்கு வழியாக்கப் போகிறார்கள், நடுவில் தடுப்பும் வருமாம். போன மாதம் அளக்க வந்தவர்கள் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு குச்சி எங்கள் சாப்பாட்டுக் கடையின் மூன்றாவது மேசைக்கு நேராக நிற்கிறது. அதாவது கல்லாவும் வாசலும் வண்டி நிறுத்தும் இடமும் ரோட்டுக்குப் போகும், அடுப்படியும் பின்னால் உள்ள வீடும் எங்களுக்கு மிஞ்சும்.

இப்போது தானா ஆபீஸிலிருந்து (நில அலுவலகம்) போராங் ஈ, அதாவது நில எடுப்பில் ஈ படிவம், வந்திருக்கிறது, விசாரணைக்கு வரச் சொல்லித் தேதி போட்டிருக்கிறார்கள். எடுக்கிற சதுர அடிக்கு மட்டும்தான் காசா? மிஞ்சுகிற நிலத்தில் கடை நடத்த முடியாதே, அதற்கு யார் பொறுப்பு? இன்னொரு சிக்கல், கிராண்ட் (நிலப் பட்டா) இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். அக்கம்பக்கத்தில் பலர் "கவர்மெண்ட் விஷயம், கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள்" என்கிறார்கள். இதில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பால்மரம்

தம்பி, பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் என் மாமனார் அப்படித்தான் இருந்தார். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார், விசாரணைக்கே போகவில்லை. தொகையை அவர்களே முடிவு செய்து அனுப்பினார்கள். வேலி, கிணறு, ரம்புத்தான் மரம், எதையும் யாரும் கேட்டு வாங்கவில்லை. கேட்காதவர் கணக்கில் அதெல்லாம் ஏறாது. விவரமானவர்கள் இங்கே இருக்கிறார்கள், வருவார்கள்.

தானா_ஆபீஸ்_ஓய்வு

வேறு மாநிலத்தில் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞன் இல்லை, ஆனால் இந்த போராங்குகளோடுதான் என் வேலைக்காலம் போனது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் அடிப்படை 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 486. அதற்கும் மேலே கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது விதி இருக்கிறது. போதுமான இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே விசாரணையில் நீங்கள் கேட்கப் போவது சலுகை இல்லை, கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

வரிசை இப்படிப் போகும். முதலில் 4ஆம் பிரிவின்படி போராங் ஏ. இந்த வட்டாரத்தில் நிலம் தேவைப்படலாம் என்று கெசட்டில் வரும். அடுத்தது 8ஆம் பிரிவின்படி போராங் டி, எந்தெந்த லாட் (நிலத்துண்டு) என்று உறுதியாக அறிவிப்பது. ஏ வந்து 12 மாதத்துக்குள் டி வரவில்லை என்றால் அந்த ஏ காலாவதி. டி வந்து 2 வருடத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பு எழுதவில்லை என்றால் முழு நடவடிக்கையும் செல்லாது. ஆகவே கெசட் தேதிகளை முதலில் எடுத்து வையுங்கள். அதோடு நிலத்தின் விலையை இன்றைய விலையாகப் பார்க்க மாட்டார்கள், 12 மாதத்துக்குள் டி வந்திருந்தால் போராங் ஏ வெளியான தேதியின் விலைதான் கணக்கு. பக்கத்து நிலம் போன வாரம் என்ன விலைக்குப் போனது என்று அங்கே போய்ப் பேசிப் பயனில்லை. ஏ தேதியை ஒட்டி, அதற்கு முன்னால் நடந்த விற்பனைகளைக் காட்ட வேண்டும்.

அப்புறம் உங்களுக்கு வந்த போராங் ஈ, விசாரணை. அது முடிந்ததும் ஜி, அது தீர்ப்பு. எச், அது உங்களுக்கு வரும் தொகை அறிவிப்பு. கே வந்தால் நிலம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அவசரச் சான்றிதழோடு போராங் ஐ வந்தால், தொகை பேசி முடியும் முன்பே இடத்தை எடுத்துக்கொள்ள முடியும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். சதுர அடிக்கு மட்டும்தானா? இல்லை தம்பி. சட்டத்தின் முதல் அட்டவணையைப் படியுங்கள். சந்தை விலை அதில் ஒரு தலைப்புதான். நிலத்தை இரண்டாக வெட்டுவதால் மிஞ்சிய பகுதிக்கு ஏற்படும் நட்டம் தனித் தலைப்பு. எடுப்பதால் உங்கள் மற்றச் சொத்துக்கு வரும் பாதிப்பு இன்னொரு தலைப்பு. வீட்டையோ தொழிலையோ இடம் மாற்ற வேண்டி வந்தால் அதற்கு ஆகும் நியாயமான செலவு வேறொரு தலைப்பு. உங்கள் கடை மிஞ்சிய இடத்தில் நடக்காது என்றால் இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். "நட்ட ஈடு வேண்டும்" என்று மொத்தமாக ஒரு வரி எழுதினால் அதை எங்கே சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது.

கடைக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஓர் இடத்தில். மாதம் இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) சம்பாதித்தேன், அது போய்விட்டது, கொடுங்கள் என்பார்கள். வருமான இழப்பு என்று தனித் தலைப்பு அந்த அட்டவணையில் கிடையாது. அதே நட்டத்தை, வாசலும் வண்டி நிறுத்தும் இடமும் போனதால் மிஞ்சிய கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு இறங்கியது, புது இடத்துக்கு அடுப்பு, கூரை, தண்ணீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கட்டினால்தான் எடுபடும். இதை எத்தனை பேர் தெரியாமல் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நான்கு வழி ரோடு வந்ததால் மிஞ்சிய நிலத்தின் மதிப்பு ஏறுகிறது என்று கண்டால் அந்த ஏற்றத்தை இழப்பீட்டில் கழிக்க முடியும். அவர்கள் அதைச் சொன்னால், நடுவில் தடுப்பு வருகிறது, எதிர்ப்பக்க வண்டிகள் திரும்ப வழி இல்லை, அதனால் கடைக்கு ஏற்றமில்லை இறக்கம்தான் என்று காட்டத் தயாராக இருங்கள். ரோட்டு வரைபடத்தில் யூ-டர்ன் எங்கே வருகிறது என்று இப்போதே கேட்டு வாங்குங்கள்.

ரோட்டோரக்கடை

ஐயா, மிகவும் நன்றி. வருமான விஷயம் எங்களுக்குச் சுத்தமாகத் தெரியாது, அதைத்தான் எழுதி வைத்திருந்தோம். கிராண்டைப் பார்த்தேன், நிலத்தின் வகை பெர்தானியான் (விவசாயம்) என்று போட்டிருக்கிறது. அது பிரச்சினையா?

அளவுகோல்

அண்ணே, அது பிரச்சினைதான், முதலிலேயே தெரிந்தது நல்லது. மதிப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். நில வகைக்கோ கிராண்டில் உள்ள நிபந்தனைக்கோ ஒத்துவராத கட்டடம் என்றால் அதன் மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதே முதல் அட்டவணை சொல்கிறது. விவசாய நிலத்தில் சொந்தக் குடியிருப்பு வீடு கட்ட தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 115ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, ஆகவே பின்னால் உள்ள வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. கடைதான் இடிக்கும். நகராண்மைக் கழகத்தில் எடுத்த வியாபார லைசென்ஸ், கட்டட பிளான் ஒப்புதல், தற்காலிக அனுமதி, கதவுவரி ரசீது எது இருந்தாலும் தேடி எடுங்கள். லைசென்ஸ் இருப்பதால் நில வகை மாறிவிடாது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தனை வருடம் ஒளிவுமறைவு இல்லாமல் நடந்த தொழில் என்பதற்கு அது சான்று, இடமாற்றச் செலவு கேட்கும்போது கைகொடுக்கும்.

நிலத்தின் விலையிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மெயின் ரோட்டு முகப்பு உள்ள நிலமும் செம்பனைக்குள் இருக்கும் நிலமும் ஒரே விலை இல்லை. அரசுத் தரப்பில் மதிப்பீட்டு இலாகாவான ஜேபிபிஎச் மதிப்பீடு செய்து கொடுக்கும், அவர்கள் எடுத்துக்காட்டும் லாட்டுகளுக்கு முகப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற தனியார் மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். உங்கள் ரோட்டில் பாதிக்கப்பட்ட நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரைப் பிடித்தால் செலவும் தாங்கும்.

தானா_ஆபீஸ்_ஓய்வு

அப்பா பெயர் விஷயத்துக்கும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் பட்டணங்களில் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான். தாத்தா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் நிலம் வாங்கினார், அவர் போனபின் யாரும் பெயர் மாற்றவில்லை. பெயர் மாறவில்லை என்பதற்காக விசாரணைக்குப் போகாமல் இருக்காதீர்கள். இழப்பீட்டில் உரிமை கோருகிறவர் எல்லோரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொடர்புடையவர்தான். இறப்புப் பத்திரம், உங்கள் எல்லோருடைய பிறப்புப் பத்திரம், அம்மாவின் திருமணப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். அதோடு சிறு சொத்துப் பங்கீட்டு மனுவை இப்போதே போடுங்கள். முன்பு மொத்தச் சொத்து 20 லட்சம் வெள்ளி வரைதான் இந்த வழியில் போகலாம், இப்போது 50 லட்சம் வரை போகலாம், ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும். வாங்கிக்கொள்ள உரிமையுள்ளவர் யார் என்று முடிவாகாவிட்டால் பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் அதை எடுக்கத் தனியாக அலைய வேண்டும். நிலத்தின்மேல் பேங்க் கடன் இருந்தால் பேங்குக்கும் அதில் பங்கு உண்டு, அவர்களிடமும் பேசிவிடுங்கள்.

சொத்து விற்ற லாபத்துக்கான ஆர்பிஜிடி வரி பற்றிப் பயப்பட வேண்டாம். கட்டாயமாக எடுக்கும் நிலத்துக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்றுதான் கணக்கு.

நெடுவழி

எல்லோரும் காசையே பேசுகிறீர்கள். அந்த ரோட்டில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்தப் போய் என் தங்கை கணவர் இறந்தார். இரண்டு பிள்ளைகள். அந்த வளைவில் ஒரு தடுப்பும் நாலு வழியும் இருந்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். இழப்பீட்டுக்கு வழக்கு, எதிர்ப்பு என்று ஆளாளுக்கு இழுத்தால் ரோடு எப்போது வரும்? ஊர் நன்மைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டாமா?

ரோட்டோரக்கடை

அண்ணே, உங்கள் துக்கம் புரிகிறது. எங்கள் கடை வாசலிலேயே விபத்து நடந்து நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறோம். ரோடு வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

தானா_ஆபீஸ்_ஓய்வு

நெடுவழி தம்பி, மனது கனக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகையை எதிர்த்தால் ரோடு நிற்காது. தொகை மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிலத்தை எடுத்து வேலை முடித்துவிடுவார்கள், சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நிலம் எடுப்பதே தவறு என்று உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்பது வேறு பாதை, அதற்கு 3 மாதக் கெடு உண்டு, பொதுச் சாலைக்கு எடுக்கும் நிலத்தில் அது ஜெயிப்பது மிகவும் கடினம். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. ரோட்டின் நன்மை ஊர் முழுவதுக்கும் போகிறது, அதன் விலையை ரோட்டோரத்தில் இருக்கும் பத்து வீடு மட்டும் கட்ட வேண்டும் என்பது எப்படி நியாயமாகும்? அதற்காகத்தான் இழப்பீடு.

நெடுவழி

சரி ஐயா. ரோடு தள்ளிப்போகாது என்றால் எனக்கு மறுப்பு இல்லை. கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான்.

மேட்டுக்குக்_கீழே

நான் வேறு மாதிரி கேட்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாண் நிலம்கூட எடுக்கவில்லை. எந்த போராங்கும் வரவில்லை. ஆனால் ரோட்டை மண் கொட்டி உயர்த்தினார்கள், பழைய கால்வாயை மூடிவிட்டார்கள். இப்போது மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் எங்கள் அடுப்படிக்குள் வருகிறது. அரிசி டின்னை நாற்காலி மேல் ஏற்றி வைத்துத்தான் ராத்திரி படுக்கிறோம். ரோலர் ஓடியபோது கூடத்துச் சுவரில் விட்ட விரிசலில் என் சுண்டுவிரல் நுழைகிறது. ரோடு போடும் குத்தகைக்காரரிடம் கேட்டால் ஜேகேஆரை (பொதுப்பணி இலாகா) கேள் என்கிறார், அங்கே கேட்டால் குத்தகைக்காரரைக் கேள் என்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் கிடையாதா?

அளவுகோல்

அக்கா, சட்டத்தில் பெரிய ஓட்டை இருப்பது உங்களைப் போன்றவர்கள் விஷயத்தில்தான். நிலம் எடுப்புச் சட்டம் நிலம் எடுக்கப்பட்டவருக்கு மட்டும்தான் கதவைத் திறக்கிறது. பத்து அடி எடுத்திருந்தால் மிஞ்சிய வீட்டுக்கு வந்த பாதிப்பைக் கேட்கலாம், ஒன்றுமே எடுக்காமல் அதே பாதிப்பு வந்தால் அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் தெரிகிறது, மாற்ற வேண்டிய இடம் இது.

ஆனால் உங்களுக்கு வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. தண்ணீரைத் திருப்பிவிட்டது, சுவர் வெடித்தது எல்லாம் தொல்லை, கவனக்குறைவு என்ற பொதுச் சட்ட வழக்கின் கீழ் வரும். குத்தகைக்காரர்மேல் 6 வருடத்துக்குள் போடலாம். அரசாங்கத் துறைமேல் என்றால் 36 மாதத்துக்குள் போட வேண்டும், 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அப்படிக் கெடு வைக்கிறது. இந்த 36 மாதம் தெரியாமல் கடிதம் எழுதி எழுதியே காலத்தை விட்டவர்கள் உண்டு.

இன்றைக்கே படம் எடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதி தெரிகிற மாதிரி. மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வீடியோ. வேலை தொடங்கும் முன் குத்தகைக்காரர்கள் ஓரத்து வீடுகளைப் படமெடுத்து நிலைமை அறிக்கை தயாரிப்பது வழக்கம், உங்கள் வீட்டுக்குச் செய்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள், செய்திருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். வேலையிடத்துக்குக் காப்புறுதி இருக்கும், அந்த விவரத்தையும் கேளுங்கள். கடிதம் ஒன்றை ஜேகேஆர், குத்தகைக்காரர், மாவட்ட அலுவலகம் மூன்று பேருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போடுங்கள், அப்போது ஒருவர்மேல் ஒருவர் தள்ள முடியாது. தூசுக்கும் ராத்திரிச் சத்தத்துக்கும் சுற்றுச்சூழல் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

பால்மரம்

ரோட்டு வேலை இன்னும் தொடங்காதவர்களும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். சுவர் நன்றாக இருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். பின்னால் "அது பழைய விரிசல்" என்பதுதான் முதல் பதிலாக வரும்.

லயத்துப்_பிள்ளை

நிலம் வைத்திருப்பவர்கள் பேசுகிறீர்கள், நான் இல்லாதவர்கள் பக்கம் கேட்கிறேன். எங்கள் எஸ்டேட்டின் ஓரத்தை ரோட்டுக்கு எடுக்கிறார்கள், அதில் எங்கள் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மாரியம்மன் கோயிலும் வருகின்றன. தாத்தா பால்மரம் வெட்டியதும் அங்கேதான், அப்பா செம்பனை அறுத்ததும் அங்கேதான். போராங் எல்லாம் கம்பெனிக்குத்தான் போயிருக்கிறது. மேனேஜர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வாயால் சொல்கிறார். இழப்பீடு கம்பெனிக்கு, தெரு எங்களுக்கா?

தானா_ஆபீஸ்_ஓய்வு

தம்பி, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சட்டத்தின் பார்வையில் நிலம் கம்பெனியுடையது, வீடு வேலையோடு வந்தது. தொடர்புடையவர் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கம் விசாலமானது, ஆனால் உரிமையாளர் விருப்பத்துக்கு மட்டும் குடியிருப்பவரை அது வெளியே தள்ளிவிடுகிறது. நான்கு தலைமுறை இருந்தாலும் அது கணக்கில் வருவதில்லை. இது எனக்கு வலிக்கிற விஷயம்.

இருந்தாலும் விசாரணைக்குப் போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கோயில் நிர்வாகத்துக்கும் குடியிருப்பாளர்களுக்கும் தனித்தனியாக ஒரு மனு தயாரித்து, விசாரணை நாளில் நில நிர்வாகியிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கோயில் எப்போதிலிருந்து இருக்கிறது என்பதற்குப் பழைய படங்கள், திருவிழா நோட்டீஸ், சங்கப் பதிவு, எஸ்டேட் கடிதம் எது இருந்தாலும் சேருங்கள். கம்பெனிக்குப் போகும் இழப்பீட்டில் லயக் கட்டடத்துக்கும் கோயிலுக்கும் என்று தொகை சேர்ந்திருக்கிறதா என்பதைக் கேட்டுப் பதிவு செய்ய வைப்பது முக்கியம். அது எழுத்தில் இருந்தால்தான் பிறகு மாற்று இடத்துக்குக் கம்பெனியிடமும் மாநில அரசிடமும் பேசப் பிடி கிடைக்கும்.

வேலையும் போகிறது என்றால் 1980ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிமுறைகள் இருக்கின்றன. குறைந்தது 12 மாதம் வேலை செய்து 2 வருடம் ஆகாதவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடம் வரை என்றால் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இது வீட்டுக்கு ஈடாகாது, எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குச் சேர வேண்டியது, விடாதீர்கள். வாயால் சொல்வதைக் கேட்டு வெளியேறவும் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். தொழிற்சங்கத்தையும் சட்டமன்ற உறுப்பினரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வையுங்கள், தனித்தனியாகப் போனால் தனித்தனியாகச் சமாதானம் சொல்லி அனுப்புவார்கள்.

லயத்துப்_பிள்ளை

நன்றி ஐயா. கோயில் தலைவரிடம் இன்றே காட்டுகிறேன். பழைய தீமிதிப் படங்கள் எங்கள் பாட்டி பெட்டியில் இருக்கின்றன.

கிள்ளான்_ஆறு

நான் விசாரணைக்குப் போய் வந்தவள், எப்படி இருக்கும் என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன். நீதிமன்றம் மாதிரி இருக்காது. ஒரு கூட்ட அறை, நீள மேசை, அந்தப் பக்கம் நில நிர்வாகியின் அதிகாரி, பக்கத்தில் மதிப்பீட்டாளர், ரோடு போடும் தரப்பிலிருந்து ஒருவர். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நம்மவர்கள் கிராண்டை மஞ்சள் உறையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லாட் எண்ணைக் கூப்பிடுவார்கள். உள்ளே போனால் மலாயில்தான் பேச்சு. அப்பா அம்மாவுக்கு மலாய் தடுமாறும் என்றால் பிள்ளைகள் கூடப் போங்கள். மதிப்பீட்டாளர் தொகையைச் சொல்வார், "சேத்துஜு கா (சம்மதமா)?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நம்மிடம் உள்ள நேரம் மிகக் குறைவு. பயத்தில் தலையாட்டிவிடுவோம், எனக்கு முன்னால் போன பெரியவர் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்து வாசலில் அழுதார்.

நான் எழுதிக் கொண்டுபோன கோரிக்கையைப் படித்தே காட்டினேன், வாயால் பேசவில்லை. ஒவ்வொரு தலைப்பாக, ஒவ்வொரு தொகையாக. அதிகாரி மரியாதையாகவே கேட்டு எழுதிக்கொண்டார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் நுழைவாயில் புதிதாகக் கட்டித் தருவது, சுவர் எழுப்புவது, கால்வாய்மேல் சிலாப் போடுவது மூன்றும் ரோடு போடும் தரப்பு செய்து தரும் என்று பதிவில் ஏறியது. காசைவிட அந்தச் சிலாப் எங்களுக்குப் பெரிய உதவி, இல்லாவிட்டால் வண்டியை வீட்டுக்குள் ஏற்றவே முடியாது.

அளவுகோல்

இது மிக நல்ல குறிப்பு. செய்து தருவதாகச் சொல்கிற வேலைகளைத் தீர்ப்பில் எழுத வையுங்கள், அளவோடு. "நுழைவாயில்" என்று மட்டும் போட்டால் மோட்டார் சைக்கிள் போகிற அகலத்துக்குக்கூடப் போடலாம்.

ரோட்டோரக்கடை

தொகை போதவில்லை என்றால் வாங்க மறுக்க வேண்டுமா? வாங்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே?

தானா_ஆபீஸ்_ஓய்வு

வாங்கலாம், ஆனால் ஆட்சேபத்தோடு வாங்குகிறேன் என்று எழுதி வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கிவிட்டால் பிறகு எதிர்க்கும் உரிமை போய்விடும். எழுதி வாங்கியபின் போராங் "என்" (N) பூர்த்தி செய்து நில நிர்வாகியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நீங்கள் விசாரணையில் இருந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து 6 வாரம். இந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிக்கொள்ளும். அளவு, தொகை, யாருக்குச் சேர வேண்டும், எப்படிப் பங்கு பிரிப்பது, இந்த நான்கில் எதையும் எதிர்க்கலாம். ஒரு வைப்புத் தொகையும் கட்டச் சொல்வார்கள்.

சட்டக்கல்லூரி

ஒன்று சேர்க்கிறேன். உயர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டு உதவியாளர்கள் உட்காருவார்கள். முன்பு தொகையை முடிவு செய்வதில் அவர்கள் சொல்வதுதான் முடிவு, நீதிபதி அதை மீற முடியாது. செமினி ஜெயா வழக்கில் 2017இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த 40டி பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது, தீர்ப்பு சொல்லும் அதிகாரம் நீதிபதியுடையது என்றது. அந்த நிலம் எதற்கு எடுக்கப்பட்டது தெரியுமா, காஜாங் சிரம்பான் நெடுஞ்சாலைக்கு. சட்டக் கேள்வி இருந்தால் மேல்முறையீட்டுக்கும் அந்தத் தீர்ப்பு வழி விட்டது. ஒரு நிலக்காரர் எதிர்த்ததால் நாடு முழுவதற்கும் சட்டம் மாறியிருக்கிறது. ஆகவே "கவர்மெண்ட் விஷயம், பேசாமல் இரு" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பால்மரம்

இன்னொரு எச்சரிக்கை. இப்படி ரோடு வரும் ஊர்களில் தரகர்கள் வீடு வீடாக வருவார்கள். "கூடுதலாக வாங்கித் தருகிறேன், கூடுதலில் பாதி எனக்கு, இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். சிலர் பவர் ஆஃப் அட்டர்னியையே வெற்றுத் தாளில் நீட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மா கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டார், பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துத் தடுத்தார். வழக்கறிஞரோ மதிப்பீட்டாளரோ என்றால் பதிவு எண் கேளுங்கள், அலுவலகத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

ரோட்டோரக்கடை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எங்கள் வரிசையில் ஆறு குடும்பம் கடையில் உட்கார்ந்து பேசினோம். ஒரே மதிப்பீட்டாளரைப் பார்க்கச் சம்மதம். மலாய் நன்றாகப் பேசும் தங்கை எல்லோருடைய கோரிக்கையையும் தட்டச்சு செய்கிறாள், தலைப்புத் தலைப்பாக. மேட்டுக்குக்_கீழே அக்கா சொன்னதைக் கேட்டுக் கால்வாயையும் சேர்த்துவிட்டோம், எங்கள் ரோட்டை எவ்வளவு உயர்த்துகிறார்கள் என்று வரைபடம் கேட்டு எழுதியிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. குத்தகைக்காரரின் ஆள் வந்து எங்கள் பின்பக்கக் காலி இடத்தில் ஒரு வருடம் மண்வாரி இயந்திரமும் கம்பியும் போட்டுக்கொள்கிறோம், மாதம் கொஞ்சம் காசு தருகிறோம் என்கிறார். கொடுக்கலாமா?

தானா_ஆபீஸ்_ஓய்வு

அரசாங்கமே தற்காலிகமாக நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றால் அதற்குச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இருக்கிறது, அதிகபட்சம் 3 வருடம், இழப்பீடும் உண்டு. இது குத்தகைக்காரர் தனியாகக் கேட்பது, கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கொடுப்பதானால் வாயால் வேண்டாம். எந்த அளவு இடம், எந்தத் தேதி வரை, மாதம் எவ்வளவு, முன்பணம், டீசல் கொட்டினால் மண்ணை மாற்றித் தருவது, கிளம்பும்போது பழையபடி சமப்படுத்துவது, பிள்ளைகள் யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு, எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் அடியுங்கள். கிராண்ட் அப்பா பெயரில் இருப்பதால் அம்மாவும் உடன்பிறப்புகளும் எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. இயந்திரம் வருவதற்கு முன் பின்பக்கத்தையும் வீட்டுச் சுவரையும் படம் எடுத்துவிடுங்கள் தம்பி.

ரோட்டோரக்கடை

சரி ஐயா, எழுதாமல் கொடுக்க மாட்டோம். விசாரணை முடிந்ததும் என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுகிறேன், அடுத்து போராங் ஈ வாங்குகிறவர்களுக்குப் பயன்படும்.